மல்லிகாக்காவின் வலது பக்கம்

நாமக்கல்லில் ஒரு மண்டபத்து வாசலில் வேனிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தோம். எங்களோடு சமைக்கும் குப்பண்ணனின் போன் அடித்தது. கேட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார். "அக்கா போயிருச்சு சாமி." அண்டாவை இறக்கினோம். பந்தியும் நடந்தது. பாதியில் விட்டிருந்தால் மல்லிகாக்கா செத்தும் திட்டியிருப்பார்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் கல்யாணச் சோறு தின்றவர்களுக்கு எங்கள் சமையல் குழுவின் தலைவியை அறிமுகம் செய்ய வேண்டாம். நான் பல் மருத்துவப் படிப்பைப் பாதியில் உதறிவிட்டு அவருடைய வேனை ஓட்ட வந்தவன்.

புகையிலை அவர் நாக்கில் புற்றாக வந்தது. இடது ஓரத்தை வெட்டியெடுத்து, முன்கைத் தோலை வைத்துத் தைத்தார்கள். பார்க்கப் போன எங்களிடம் குழறிக் குழறிச் சொன்னார்: "கைப்பக்குவம் கைப்பக்குவம்னீங்களே, இப்ப நாக்குலயே கைய வெச்சுட்டாங்க பாருங்கடா."

தேறி வந்து அவர் வைத்த முதல் ரசம் வாயில் வைக்க முடியாத உப்பு. எப்போதும்போல உள்ளங்கையில் ஊற்றி, இடது பக்கமாக நக்கிப் பார்த்திருக்கிறார். பழைய பழக்கம். அங்கே இருந்தது கைத்தோல். கல்யாண வீட்டுப் பெரியவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏனுங்க, பாதி நாக்க வெச்சுக்கிட்டு எதுக்குங்க அடுப்புக்கு வாரீங்க?"

அக்கா நேராக என்னிடம் வந்தார். "நீ படிச்ச வரைக்கும் சொல்லு. எனக்கு உப்பு தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா இன்னைக்கே கரண்டிய வெச்சுர்றேன்."

தெரியும் என்றேன். இனிப்புக்கு நுனி, உப்புக்கு ஓரம் என்று நாக்கைப் பங்கு போட்டுச் சொல்வதெல்லாம் சும்மா. எல்லாச் சுவையும் எல்லாப் பக்கமும் தெரியும். நாக்கில் தெரிகிற பொடி முளைகள் பலவற்றின் உள்ளே சுவை மொட்டுகள் புதைந்திருக்கின்றன. பழையவை உதிர உதிரப் புதியவை வரும். கைத்தோலில் அவை கிடையாது. வலது பக்கம் முழுசாக இருக்கிறது. ஆனால் எச்சிலில் கரைந்தால்தான் ருசி மொட்டுக்குள் இறங்கும். கதிர்ச் சிகிச்சை அவர் எச்சிலை வற்ற வைத்திருந்தது. "தண்ணியில வாய நனைச்சுட்டு, வலது பக்கம் வெச்சுப் பாருக்கா."

அன்றிலிருந்து தினமும் டம்ளர்களில் கூடவும் குறையவும் கரைத்த உப்புத் தண்ணீர்; எதில் உப்பு அதிகம் என்று அவர் சொல்ல வேண்டும். "மாத்தி மாத்தி வை. எரக்கப்பட்டு ஏமாத்துன, கரண்டியிலயே போடுவேன்." முதலில் எல்லாம் தப்பு. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி உட்காருவார். ஒரு கட்டத்தில் எனக்கே வித்தியாசம் தெரியாத இரண்டு டம்ளர்களைப் பிரித்து வைத்தார்.

அதே பெரியவரின் அடுத்த மகள் கல்யாணத்தை அக்காவே போய்க் கேட்டு வாங்கினார். பெரியவர் அடுப்படியிலேயே நின்றார். அக்கா தண்ணீர் குடித்து, ரசத்தை உள்ளங்கையில் ஏந்தி, தலையை வலப்பக்கம் சாய்த்தார்.

"இன்னொரு கை உப்பு போடு, குப்பா."

பெரியவரும் நக்கிப் பார்த்தார். "சரியாத்தானுங்க இருக்குது?"

"வெறும் ரசத்துக்குச் சரிங்க. சோத்துல பெசஞ்சா பத்தாதுங்க."

பந்தியில் அந்தப் பெரியவர் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, ரசம் இன்னொருக்கா வரட்டுங்க."

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் யாரும் அவர் நாக்கைப் பற்றிப் பேசவில்லை. நோய் கழுத்தில் திரும்பி வந்து படுக்க வைக்கும் வரை கரண்டி அவர் கையில்தான் இருந்தது.

அவருடைய கருமாதிக்கு நாங்கள்தான் சமைத்தோம். ரசம் கொதித்தது. குப்பண்ணன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். பின்னாலேயே நான். எங்கள் நாக்குகளில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. இருந்தாலும் இரண்டு பேர் தலையும் வலப்பக்கம்தான் சாய்ந்தது.

"இன்னொரு கை போடலாமுங்களா?" என்றேன்.

"போடு சாமி," என்றார் குப்பண்ணன்.