ஓடையை மறித்த சேலை

எங்கள் ஊருக்கு மேற்கே காப்புக்காடு, கிழக்கே கண்மாய். காட்டிலிருந்து வரும் ஓடை, என் மக்காச்சோளப் புஞ்சைக்கும் பக்கத்துப் புஞ்சைக்காரம்மாவின் சோளத்துக்கும் நடுவே போய்க் கண்மாயில் சேர்கிறது. புள்ளிமான்கள் தண்ணீருக்கு இறங்குவது அந்த வழியாகத்தான். கதிர் பிடித்ததும் புஞ்சையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிவிடுவோம். காற்றில் அவை ஆடுவதைக் கண்டு மான் மிரளும்.

அந்தத் தை மாதம், வண்டிப்பாதை ஓரத்துப் பாழுங்கிணற்றில் மூன்றாவது மான் விழுந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. முதல் இரண்டைத் தீயணைப்பு வீரர்கள் உயிரோடு தூக்கினார்கள். இதற்குக் கழுத்து முறிந்திருந்தது. நாய் துரத்தியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்புகளைப் புரட்டினேன். மழை, விதைப்பு, மான் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுவது என் வழக்கம். முந்தைய வருடங்களில் அந்தக் கிணற்றில் மான் விழுந்ததாக ஒரு வரிகூட இல்லை. முதல் மான் விழுவதற்கு நான்கு நாள் முன்பு, என் கையெழுத்தில்: ‘ஓடைக்குக் குறுக்கேயும் சேலை கட்டியாயிற்று.’ என்னைப் பார்த்து மற்றவர்களும் கட்டியிருந்தார்கள். வழி அடைபட்ட மான்கள் வண்டிப்பாதைக்குத் திரும்பியிருக்கின்றன.

ஊர் வனக்குழுக் கூட்டத்தில் அதை அப்படியே வாசித்தேன். குறுக்குச் சேலைகளை எடுத்துவிடுவோம், கரைகளில் மட்டும் இருக்கட்டும் என்றேன். பக்கத்துப் புஞ்சைக்காரம்மா ஒப்பவில்லை. அவருக்கு இருப்பது அந்த ஒரு புஞ்சைதான். அறுப்புக்குப் பத்து நாள் இருந்தது.

“ஒங்க நோட்டு காவலுக்கு வருமா அண்ணாச்சி? மொதல்ல கட்டுனதும் நீங்கதான். இப்ப அவுக்கச் சொல்லுததும் நீங்கதான்.”

கூட்டம் சிரித்தது. அவர் கேட்டதில் தவறில்லை. என் கரைச் சேலைகளை அவிழ்த்து அவர் கரையில் இரண்டாவது வரிசையாகக் கட்டுகிறேன், மேய்ந்தால் என் கதிரை மேயட்டும் என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் முடிச்சைத் தானேதான் போடுவாராம். நான் போட்டது காற்றுக்கு நிற்காதாம்.

அன்று மாலையே ஓடை திறந்தது. குழுவினர் கிணற்றைச் சுற்றி வேலிக்கருவை முள் அடைத்தார்கள். மறுநாள் காலை ஓடை மணலில் கண்மாய்வரைக்கும் குளம்புத் தடம். என் புஞ்சை ஓரத்தில் இரண்டு வரிசைக் கதிரைக் காணோம். அவர் புஞ்சையில் ஒன்றும் குறையவில்லை. அறுப்பு முடியும்வரை கிணற்றில் மான் விழவில்லை.

கடைசிக் கதிர்க்கட்டு வண்டியில் ஏறியதும் அவர் வரப்பில் நின்று சொன்னார்:

“எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. அடுத்த வருசம் என் கரை தெறந்து கெடக்கும். ஒங்களுக்கு நான் முடிச்சு போட்டுத் தாரேன்.”

தேதியோடு எழுதியிருக்கிறேன். இந்தத் தை அவர் முறை.