கூக்கோ எழுதிய ஒரே நல்ல சீட்டு

என் தங்கை புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டோடு நின்றுவிடும். கையெழுத்து அழகாக இருக்கும். குடிக்க மாட்டான். அதற்கு மேல் தலைகீழாக நின்று யோசித்தாலும் ஒன்றும் வராது.

முழுப் பெயர் ரெஃபூஹியோ பாரியெந்தோஸ். ஊருக்கு அவன் கூக்கோ. பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பிடிப்பது அவன் உத்தியோகம். இங்கே டெக்சாஸில் பதினெட்டு வயது வரை பிள்ளைகள் பள்ளிக்குப் போயே தீர வேண்டும், அது சட்டம். போகாத பிள்ளையின் பெயரில் கூக்கோ ஒரு மஞ்சள் சீட்டு எழுதிக் கொடுப்பான். அதை எடுத்துக்கொண்டு போய் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். இடுப்பில் சாவிக்கொத்து, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வெள்ளை டிரக். வெங்காய வயலில் அந்த டிரக்கின் புழுதி தெரிந்தாலே பிள்ளைகள் சிதறி ஓடுவார்கள். அதைப் பார்த்து அவன் சிரிப்பான். பெரிய புலிவேட்டை!

அதே பள்ளியின் சமையலறையில் நான் இருபது வருஷமாக பீன்ஸ் கிண்டுகிறேன். பரிமாறும் மேடையிலிருந்து பார்த்தால் பள்ளிச் சேர்க்கை ஜன்னல் நேராகத் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் ஒதிலியா. அவள் பாட்டியும் நாட்டு எல்லையாக ஓடும் ஆற்றை நீந்தித்தான் இந்தக் கரைக்கு வந்தாள். இவள் என்னவோ இந்த மண்ணில் முளைத்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

குடியுரிமைக் காகிதம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளி உண்டு என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஒதிலியாவுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால் அவள் குடியுரிமையைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். பிள்ளையின் பெயரும் வீட்டு முகவரியும் போட்டு அரசாங்கம் கொடுத்த காகிதம் ஒன்று வேண்டும் என்பாள், அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் அது யாரிடம் இருக்கும்? மனைக்காரன் பெயரில் ஒரு மின்சார மீட்டர், அதிலிருந்து சக்கரத்தின் மேல் நிற்கும் ஐந்து வண்டிவீட்டுக்குக் கம்பி. தபால்காரன் உள்ளே வரவே மாட்டான், கடிதமெல்லாம் தபால் நிலையத்துப் பெட்டிக்குத்தான் போகும். நாங்கள் அங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு எங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

நெரெய்டா தோவாருக்குப் பதினாலு வயது. வெங்காயக் கிடங்கில் மூட்டை கட்டும் அம்பாரோவின் மகள். அந்த ஆகஸ்டில் மூன்று தடவை ஜன்னலுக்கு வந்தாள், மூன்று தடவையும் ஒதிலியா திருப்பி அனுப்பினாள். நாலாம் தடவை அவள் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளி வாசலுக்கு வெளியே நடைபாதையில் நோட்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்ததும் எழுதத் தொடங்கினாள், சாப்பாட்டு மணிக்கு மடித்த ரொட்டியைத் தின்றாள், கடைசி மணிக்கு எழுந்து போனாள். மறுநாள் அவளோடு இன்னும் ஆறு பிள்ளைகள். பக்கத்தில் ஓர் அட்டை: ‘நாங்கள் வந்துவிட்டோம். கதவைத் திறங்கள்.’

அந்த வெயிலில் ஒரு குவளைத் தண்ணீர்கூட நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். கூக்கோவைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த தலைமை ஆசிரியர், வாசலில் இருக்கிற அசிங்கத்தை அப்புறப்படுத்தச் சொல்லி கூக்கோவைக் கூப்பிட்டார். சாவிக்கொத்து குலுங்க அவன் வந்து இறங்கினான். நான் சமையலறைக் கதவருகே நின்றிருந்தேன்.

"எந்திரி. ஸ்கூல் நேரத்துல வெளிய உக்காரக் கூடாது."

"சரி தோன் கூக்கோ. உள்ள உக்காந்துக்கறேன். கதவைத் தொறக்கச் சொல்லுங்க" என்றாள் நெரெய்டா. ‘தோன்’ என்றால் எங்கள் பேச்சில் ‘ஐயா’.

மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கூக்கோவின் காது சிவந்தது.

"வாய் ரொம்ப நீளுது. படிக்கிற வயசுல ரோட்டுல உக்காந்து அரசியலா பண்ற?"

"படிக்கிற வயசுன்னு நீங்களே சொல்றீங்க. அதை அந்த ஜன்னல்ல இருக்கற அம்மாகிட்டச் சொல்லுங்களேன்."

தலைவியை அடித்தால் கூட்டம் கலையும் என்று நினைத்தான் போலிருக்கிறது. மஞ்சள் சீட்டுப் புத்தகத்தை எடுத்தான். எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டான், அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய் சோளமாவுத் தமாலே தின்கிறவனுக்கு யார் எந்த மனையில் இருக்கிறார்கள் என்று தெரியாதா? பெயர், வயது, மூன்றாம் தெரு, மனை எண் நாற்பத்தொன்று. காரணம் என்ற கட்டத்தில், ‘இப்பள்ளியின் எல்லைக்குள் வசிக்கிறாள். கட்டாயக் கல்வி வயது. பள்ளிக்கு வருவதில்லை.’ கீழே கையெழுத்து, மாவட்ட முத்திரை. கிழித்து நீட்டினான்.

நெரெய்டா அதை இரண்டு தடவை படித்தாள். நோட்டை மூடினாள். எழுந்து நேரே ஜன்னலுக்குப் போய்ச் சீட்டை உள்ளே தள்ளினாள்.

"இது குத்தச் சீட்டு" என்றாள் ஒதிலியா.

"ஆமாங்கம்மா. என் பேரு இருக்கா?"

"இருக்கு, அதுக்கென்ன?"

"வீட்டு அட்ரஸ் இருக்கா? கவர்மெண்ட் சீல் இருக்கா? இதைத்தானே கேட்டீங்க?"

ஒதிலியா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினாள்: "கூக்கோ! என்ன கருமத்தை எழுதித் தொலைச்சிருக்க?"

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன். ஒரு கட்டம் விடல" என்றான் அந்த மேதை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். இந்தப் பெண் இந்தப் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்று பள்ளியின் ஆளே எழுதிக் கொடுத்த பிறகு யார் என்ன செய்ய முடியும்? மத்தியானத்துக்குள் நெரெய்டா தட்டோடு என் வரிசையில் நின்றாள். அவளுக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் தங்கை வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பத்தொன்பது பிள்ளைகள். தலை வாரி, சட்டை தேய்த்து, திருப்பலிக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். பின்னால் தாய்மார்கள். எல்லோருக்கும் மஞ்சள் சீட்டு வேண்டும்.

கூக்கோ சமையலறைத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

"அக்கா, நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடுங்க."

"டிரக்கு வாசல்ல நிக்குதே. அதையும் இல்லைன்னு சொல்லவா?"

"எழுதினா வேலை போயிடும் அக்கா. காகிதம் இல்லாதவங்களுக்கு இனிமே சீட்டே போடக் கூடாதுன்னு நேத்தே ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"புள்ளைங்க ஸ்கூலுக்குப் போயே ஆகணும்னு ஊரெல்லாம் தொரத்தினியே, அந்தச் சட்டம் என்னாச்சு?"

"அதெல்லாம்... மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க."

"கூக்கோ, நீ எட்டாங்கிளாஸ் வரைக்கும் யார் பேர்ல படிச்ச?"

அவனும் ஒன்பது வயதில் காகிதம் இல்லாமல் வந்தவன்தான். சித்தப்பா மகனின் பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் அவனைப் பள்ளியில் சேர்த்தார்கள். எண்பத்தாறில் காகிதம் இல்லாதவர்களுக்கு வந்த பொதுமன்னிப்பில் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. அதற்கப்புறம் அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. என் தங்கை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவன் சாவியை எடுத்தான். நல்ல புத்தி வந்துவிட்டது, சீட்டுப் புத்தகத்தை எடுக்கத்தான் டிரக்குக்குப் போகிறான் என்று ஒரு நிமிஷம் நானும் ஏமாந்தேன். கொல்லைக் கதவு வழியாகப் பம்மிப் பம்மிப் போனான், டிரக்கில் ஏறினான், பின்பக்கமாக எடுத்துத் திருப்பி ஒரே அழுத்து.

பிள்ளைகள் விடவில்லை. புழுதிக்குள் டிரக்கைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். "தோன் கூக்கோ! நாங்க ஸ்கூலுக்குப் போகல! எழுதிட்டுப் போங்க!"

மனிதன் கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காறித் துப்பலாம் போலிருந்தது எனக்கு.

ஓடமுடியாமல் பின்தங்கிய சின்னவள் ஒருத்திக்கு எட்டு வயதுதான் இருக்கும். மூச்சு வாங்கத் திரும்பி வந்து என் பாவாடையைப் பிடித்தாள்.

"நானும்தானே ஸ்கூலுக்குப் போகல? நெரெய்டா அக்கா மேல மட்டும் குத்தம் எழுதினாரு, என் மேல எழுத மாட்டாராமா?"