பக்கத்து மேஜைக்காரர்

லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்குக் கூர்மையான மூக்கும் வாய்த்துவிட்டால் அது வரமா சாபமா என்று சொல்வது கஷ்டம். அடுக்குமாடிக் கட்டடத்தில் எட்டு மாடிச் சமையல் வாசனையும் ஒரே லிஃப்ட் குழி வழியாகத்தான் ஏறி இறங்கும். நம் கதாநாயகர் இடுப்பில் பெல்ட்டும் கையில் எண்ணெய்க் கேனுமாக லிஃப்டின் கூரைமேல் நின்றபடி, "நாலாவது மாடியில மீன் தீயுது, யாராவது போய்ச் சொல்லுங்கப்பா!" என்று குரல் கொடுப்பார். போய்ப் பார்த்தால் தீய்ந்துகொண்டுதான் இருக்கும்.

இப்படி முப்பது வருஷம் அடுத்தவர் அடுப்பை மோப்பம் பிடித்தவர் மதியத்துக்கு வீட்டு டப்பாவோடு திருப்திப்படுவாரா? அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் வேலையோ, அதற்கு அக்கம்பக்கத்துக் கடையில் சாப்பாடு. வங்கிக்குப் பின்சந்தில் நூடுல்ஸ், மீன் சந்தை வாசலில் பொரித்த மீன், ஆஸ்பத்திரிக்கு எதிரே சுடச்சுட ரொட்டியும் சூப்பும். நகரத்தில் அவர் கால் படாத சாப்பாட்டுக் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் எந்தக் கடையிலும் மெனு அட்டையை மட்டும் தொட மாட்டார். உட்கார்ந்ததும் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். எந்தத் தட்டைப் பார்த்து நாக்கில் நீர் ஊறுகிறதோ, அந்தப் பக்கம் விரல் நீளும்.

"அவர் சாப்பிடுறாரே, அது ஒண்ணு."

கேட்டால் நியாயம் வைத்திருப்பார். "எந்தக் கடைக்காரனாவது 'சுமாரான சூப்'னு அட்டையில எழுதியிருக்கானா? சாப்பிடுறவன் மூஞ்சி பொய் சொல்லாதுய்யா."

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் 'பக்கத்து மேஜை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வழக்கத்தால் அவர் பட்ட பாடும் கொஞ்சமில்லை. ஒரு தடவை முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒருவரின் தட்டைக் காட்டி ஆர்டர் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் அது ஐந்து வயசுப் பையன், அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வந்தது கரடி முகம் போட்ட ஆம்லெட்டும் ஒரு பிளாஸ்டிக் விசிலும். கரடியின் காதைக்கூட விடாமல் சாப்பிட்டு, விசிலை வேலைக்குக் கொண்டுபோனார். இன்னொரு தடவை, கண்ணை மூடிச் சொக்கிப்போய்ச் சாப்பிட்ட ஒருவரைக் காட்டினார். உப்பில்லாத கஞ்சி வந்தது. அந்த ஆள் காய்ச்சலில் கிடந்து நாலு நாள் கழித்து முதல் கவளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மூஞ்சி பொய் சொல்லவில்லைதான்.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். நீதிமன்றத்தில் தட்டச்சர். மெனு அட்டையைத் தீர்ப்பு நகல் மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். எழுத்துப் பிழை இருந்தால் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார். "பதினேழாம் நம்பர் ரெண்டு தடவை வந்திருக்கு, தம்பி. எந்தப் பதினேழு வேணும்னு நான் சொல்றது?" என்று கேட்டால் பரிமாறுகிறவர் என்ன செய்வார், பாவம். கணவர் விரல் நீட்டும்போதெல்லாம் தட்டச்சரம்மாவுக்கு மானம் போகும். "அடுத்தவங்க தட்டை எட்டிப் பாக்குறது என்னங்க பழக்கம்!"

இவர்களுக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை. பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிற ஒருவர், கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமலே மூன்று தடவை பரிசோதனைக்கு வந்தார். நாலாவது தடவை விஷயம் வெளியே வந்தது. இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும்தான், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தலைமை அதிகாரி. அவர் ஒரு பார்வை பார்த்தால் தண்ணீருக்கே வியர்க்கும் என்று கூடத்தில் சொல்வார்களாம்.

இரு குடும்பமும் முதல்முதலாகப் பார்த்துப் பேச, பூங்காவை ஒட்டிய ஒரு உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று முடிவாயிற்று. கிளம்பும்போதே மகள் வாசலை மறித்து நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். யார் தட்டையும் காட்டக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"கை நீளாதும்மா. போதுமா?"

"விரலும்."

அவர் சத்தியம் செய்தார். உணவகத்தில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். சம்பந்தியாகப் போகிற அம்மா எதிரே. இஸ்திரி மடிப்புக் கலையாத உடை, மடியில் ஒரு பெரிய கைப்பை. வந்ததும் தண்ணீர் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்தார். மேஜையில் எல்லாருக்கும் தொண்டை காய்ந்திருந்தும் அதற்குப்பின் ஒருவரும் தம்ளரைத் தொடவில்லை.

தட்டச்சரம்மா அட்டையை முழுசாகப் படித்து, இரண்டு பிழை திருத்தி, ஐந்து பேருக்கும் சேர்த்துத் தெளிந்த சூப், வேகவைத்த மீன், காய்கறி போட்ட சோறு என்று சொன்னார். வந்த சாப்பாடும் அவர் திருத்திய அட்டை மாதிரியே இருந்தது: ஒரு பிழையும் இல்லை, ஒரு ருசியும் இல்லை. பேச்சும் அப்படித்தான். வெயிலைப் பற்றி இரண்டு வரி. பேருந்துகள் தாமதமாக வருவதைப் பற்றி மூன்று வரி, அதுவும் மாப்பிள்ளையின் முகம் சுருங்கியதும் நின்றுபோயிற்று.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

நல்லெண்ணெயில் பொன்னிறமாகப் பொரிந்த பூண்டு. கூடவே காய்ந்த மிளகாயை வறுத்து நொறுக்கிய காரம். பக்கத்து மேஜைகளில் இல்லை. சமையலறைப் பக்கத்திலிருந்தும் இல்லை. மூக்கு போன வழியே கண்ணும் போயிற்று. சம்பந்தியம்மாவின் சோற்றில், மீனுக்குக் கீழே மறைந்தும் மறையாமலும் செக்கச்செவேலென்று ஒரு கரண்டி மிளகாய்த் தொக்கு. வேறு யார் தட்டிலும் அது இல்லை. தொடைக்கு அடியில் இருந்த வலது கை எப்போது வெளியே வந்தது என்று அவருக்கே தெரியாது.

"தம்பி, அந்தம்மா தட்டுல இருக்கே, அது ஒண்ணு."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பரிமாறுகிறவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"சார், இது நம்ம கிச்சன்லயே கிடையாதே."

சம்பந்தியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எதிர்ச் சுவரில் 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்று பெரிய எழுத்தில் பலகை. அதற்குள் மேலாளரும் வந்துவிட்டார். "என்ன விஷயம்?" பரிமாறுகிறவர் அவர் காதில் ஓதினார்.

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. கல்யாணப் பேச்சை ஒற்றை விரலால் கவிழ்த்தாயிற்று. இனி அந்த விரலை வைத்தே தூக்கி நிறுத்த வேண்டும்.

"அது என்னோடது சார். மருந்து. நான்தான் அவங்க தட்டுல வச்சேன்."

"மருந்தா? இப்பதான் வேணும்னு கேட்டீங்களாமே?"

"இங்கேயும் கிடைச்சா நல்லதுன்னு கேட்டேன்."

"என்ன வியாதிக்கு?"

"நாக்கு செத்துப்போச்சு சார்."

மேலாளர் தட்டச்சரம்மாவைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் பிறர் சாட்சியத்தை எழுத்துப் பிசகாமல் தட்டியவர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஆமாங்க. டாக்டர் எழுதிக் குடுத்ததுதான். சாப்பாட்டுக்கு முன்னாடி இல்ல, சாப்பாட்டோட."

மேலாளர் அந்தத் தட்டின்மேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தார். "மருந்துன்னா நாங்க தடுக்க முடியாது. ஆனா பலகைக்கு நேரா வச்சுச் சாப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த டப்பா வேண்டாம்னு சொன்னேனே. தலையாட்டினீங்களே!"

"ஆட்டினேன். அதுக்கு என்ன இப்போ?"

முதலில் சிரித்தது மகள்தான். "எங்க அப்பாவும் சத்தியம் பண்ணிட்டுத்தான் வந்தார்" என்றாள் சிரிப்புக்கு நடுவே. சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் வீம்பாக இருந்து பார்த்தார். முடியவில்லை. கைப்பையைத் திறந்து கையளவு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜைக்கு அடியில் நீட்டினார்.

"ஆயிரம் ஓட்டல் தண்ணியைப் பரிசோதிச்சவ நான். தண்ணியையாவது மன்னிச்சிடுவேன். இந்தச் சப்புன்னு இருக்கிற சோத்தை மன்னிக்க முடியாது. எடுத்துக்குங்க, சம்பந்தி."

அந்த ஒரு சொல்லில் கல்யாணப் பேச்சு முடிவாகிவிட்டது. டப்பா கை மாறிக் கை மாறி மேஜைக்கு அடியில் ஒரு சுற்று வந்தது. பேச ஒன்றுமில்லாமல் இருந்தவர்கள் கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆளுக்கு ஆள் குறுக்கே பேசினார்கள். பரிசோதிக்கப்படாத தண்ணீரையும் மடக் மடக்கென்று குடித்தார்கள். பரிமாறுகிறவர் நாலு தடவை தம்ளரை நிரப்ப வந்தார். நாலாவது தடவை, "எனக்கும் நாக்கு சரியில்லை" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கும் ஒரு கரண்டி கிடைத்தது.

அடுத்த மாதமே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சின்னஞ்சிறுசுகள் தனி வீட்டுக்குப் போனார்கள். பெரியவர்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்களைப் பார்க்கக் கிளம்புவார்கள். வழியில் ஒரு புதுக் கடை தென்படாமல் இருக்காது. "பார்த்துட்டு மட்டும் வரலாம்" என்பார் சம்பந்தியம்மா. ஒருவர் விரல் நீட்ட, ஒருவர் அட்டையைத் திருத்த, ஒருவர் தம்ளரைத் தூக்கிப் பிடிக்க, ஒரு மணி நேரம் ஓடிப்போகும். ஒரு கடையில் டப்பா பிடிபட்டு மூவரும் வெளியேற்றப்பட்டதும் உண்டு. அப்போது நடைபாதையில் நின்று, பக்கத்து ரொட்டிக் கடையில் வாங்கிய ரொட்டியை அதில் தொட்டுத் தின்று தீர்த்தார்கள்.

பிறகு மகள் வீடு. அங்கே மாப்பிள்ளையே நின்று சமைத்துவைத்திருப்பார், பசியோடு வருவார்களே என்று. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்கார்ந்து அதையும் சாப்பிடுவார்கள். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்ல மூவரில் ஒருவருக்கும் இன்றுவரை தைரியம் வரவில்லை.