வெந்நீர் குடிக்கச் சொன்னவர்

அக்காவின் சமையலறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் ப்ளாஸ்க் இருக்கிறது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா சாலைக் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வாங்கிவந்தது. இப்போது மூடி கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அத்திம்பேர் ஞாபகம் வரும். பிரியத்தோடு வரும் ஞாபகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கெட்டவராக இல்லாமலேயே ஒரு மனிதர் இவ்வளவு உதவாக்கரையாக இருக்க முடியுமா என்ற வியப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை.

அக்காவின் கணவரான அவர் நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். கல்யாணமான புதிதில் எதற்கெடுத்தாலும் தன் அம்மாவைக் கேட்பார். சாட்பாட் வந்தபிறகு அம்மாவுக்கு ஓய்வு கிடைத்தது. அலுவலகத்தில் புரோகிராம் எழுதுவது அது, சம்பளம் வாங்குவது இவர். வீட்டில் வாழைக்காயை வதக்குவதா வறுப்பதா என்று அதைக் கேட்பார். ஜன்னலுக்கு வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருக்க, குடை எடுத்துப்போக வேண்டுமா என்று அதைக் கேட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மாமனாரின் தொலைநோக்கும் தலைமைப் பண்பும் வருங்காலத் தலைமுறைக்கு வழிகாட்டும் என்று இங்கிலீஷில் ஃபோனைப் பார்த்து வாசித்தார். அப்பா வாழ்நாள் முழுக்க ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் யாருக்கும் தலைமை தாங்கியதில்லை, வீட்டில்கூட. நானும் அந்தச் சாட்பாட்டை உபயோகிக்கிறவள்தான். அலுவலகக் கடிதங்களில் என் இங்கிலீஷைத் திருத்தித் தரச் சொல்வேன். அதுவும் ஓர் அம்மி மாதிரிதான், அம்மிமேல் எனக்குக் கோபம் இல்லை. தன் மூளையை அதில் வைத்து அரைக்கிறவரைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மத்தியானம் அக்காவுக்கு அடிவயிற்றில் வலி. அவர்கள் குடியிருந்தது கழக்கூட்டத்திலேயே ஒரு வாடகை ஃப்ளாட்டில். அலுவலகத்திலிருந்து பைக்கில் கிளம்பினால் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் வந்துவிடலாம். அவள் ஃபோன் செய்து, “நிமிர முடியலை, வாங்கோளேன்” என்றாள். “மீட்டிங்ல இருக்கேனாக்கும். எங்கே வலிக்கறது, எப்படி வலிக்கறதுன்னு டைப் பண்ணி அனுப்பு, கேட்டோ” என்றார். சுருண்டு கிடந்தவள் டைப் செய்து அனுப்பினாள். அதை அப்படியே சாட்பாட்டிடம் கொடுத்து, வந்த பதிலை அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டார். வாயுத் தொந்தரவாக இருக்கலாம், வெந்நீர் குடிக்கவும், சாய்ந்து படுக்கவும், மெல்ல நடக்கவும். கடைசி வரியில், வலி கூடினால் தாமதிக்காமல் டாக்டரிடம் போகவும் என்று அந்த இயந்திரமே எழுதியிருந்தது. அத்திம்பேர் அவ்வளவு தூரம் வாசிக்கவில்லை. அக்கா அந்த வரிக்கு வருவதற்குள் வாந்தி எடுத்து விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர் ஃப்ளாட் சேச்சி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. “எந்தா மோளே இது!” என்று அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள். குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்திம்பேர் சாயங்காலம் வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு என்னென்ன சாப்பிடலாம் என்பதை ஃபோனில் தயாராகக் கொண்டுவந்திருந்தார். அன்று அவரை ஓர் அறை விடாமல் போனோமே என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா நேரே நகரத்தின் பழைய கோட்டைக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போவதா வேண்டாமா என்று தனக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “பாவம் அவன், குடியா கூத்தா, ஒரு கெட்ட பழக்கம் உண்டா?” என்றார்கள் உறவுக்காரர்கள். குடிக்கிறவராக இருந்தால் காலையிலாவது தெளிந்திருப்பார் என்றேன். அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் வந்து, அன்று ஏன் வரவில்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. தினமும் காலையில் வாட்ஸாப்பில் வந்து விழுந்தது, அதுவும் தமிழில். இதில் கூத்து என்னவென்றால், அத்திம்பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தலைமுறைகளாக மலையாள நாட்டில் வாழும் எங்கள் மாதிரித் தமிழ்க் குடும்பங்களில் இது சகஜம். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் எழுத்து மலையாளம். அக்காவுக்கும் தெரியாது. தாய்மொழியில் எழுதினால் மனசைத் தொடும் என்று சாட்பாட் யோசனை சொல்லியிருக்கும். தான் வாசிக்க முடியாததை அவர் அனுப்ப, தன்னால் வாசிக்க முடியாததை அவள் வாங்க, கல்லூரியில் தமிழ் எடுத்த பாவத்துக்கு நான் உட்கார்ந்து உரக்க வாசித்தேன். ‘நாம் கைகோத்து நடந்த அந்தக் கடற்கரை மாலைகளை மறப்பேனோ, என் நிலவே!’ அக்கா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செருப்பில் மணல் ஏறும் என்று அவளை ஒருநாள்கூடக் கடற்கரைப் பக்கம் அழைத்துப்போகாத மனுஷர். சிரித்து ஓய்ந்தபின் வெகுநேரம் அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அப்பா வாதாடுகிறவர் இல்லை. அன்று காலை வந்த செய்தியை அக்காவின் ஃபோனில் திறந்து அவர் முன் நீட்டினார். “நன்னா எழுதியிருக்கேள் மாப்பிள்ளே. நீங்களே வாசிச்சுக் காட்டுங்கோ, அவள் கேக்கட்டும்.” அத்திம்பேர் திரையைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார். “அர்த்தமெல்லாம் எனக்கு நன்னாத் தெரியும். வாசிக்கத்தான்...” என்று இழுத்தார்.

“அது போட்டும்” என்றாள் அக்கா. “அன்னிக்கு நான் கூப்பிட்டப்போ ஏன் வரலை? அது மட்டும் சொல்லுங்கோ.”

எதையாவது சொல்லியிருக்கலாம். பயந்துபோனேன் என்றோ, மேலதிகாரி முன்னால் எழுந்துவரத் தைரியம் இல்லை என்றோ, எது சொல்லியிருந்தாலும் அவள் அவரோடு கிளம்பியிருப்பாள். பெட்டியைக் கட்டி அறையில் தயாராக வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அத்திம்பேரின் கை மெல்லச் சட்டைப் பைக்குப் போயிற்று. “ஒரு நிமிஷம்” என்று சொல்லி, ஃபோனை எடுத்து, குனிந்து டைப் செய்ய ஆரம்பித்தார்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வந்தால் நுரை பொங்க ஃபில்டர் காப்பி வரும். அவள் ப்ளாஸ்கைக் கொண்டுவந்தாள். டம்ளரில் வெந்நீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். “குடியுங்கோ. எல்லாம் சரியாயிடும்” என்றாள்.

இப்போது அக்கா தனியாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். போன மாதம் அவள் பிறந்தநாளன்று நான் போயிருந்தபோது அவள் ஃபோனில் ஒரு வாழ்த்து வந்தது. நீளமாக, இதயப் படங்களோடு, இன்னும் அதே தமிழில். வாசிக்கட்டுமா என்று கேட்டேன். அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த ப்ளாஸ்கை எடுத்துக் கழுவி, இருவருக்கும் போட்ட காப்பியை அதில் நிரப்பினாள்.

“வேண்டாம்” என்றாள். “அவரும் வாசிச்சிருக்க மாட்டார்.”