கடைசி அணிக்கு முதல் தேர்வு

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிக் கட்டுரை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் அந்தப் பந்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. கட்டுரையை வாங்கும் அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பயந்தால் போதும். பாணேர் பக்கத்துக் கண்ணாடி அலுவலகக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்திருக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல.

ஏலம்

கல்லூரி ஆட்டக்காரர்களை அங்கே அணிகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்ள ஆரம்பித்தன என்பதுதான் எனக்கு வந்த முதல் தலைப்பு. நமக்குத் தெரிந்தது கிரிக்கெட் ஏலம். அப்படித்தான் இருக்கும் என்று முதலாளிகளைக் கூவ விட்டு எழுதி அனுப்பினேன். மறுநாள் வீடியோ காலில் வாடிக்கையாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இன்னொரு கட்டுரை இப்படி வந்தால் ஒப்பந்தம் இருக்காது என்று எங்கள் மேலாளர் தேஷ்பாண்டேயிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "விலை ஏற்றுவதைத் தடுக்கத்தான் அந்த முறையே வந்தது."

ஓட்டல் அறை

பயத்தில் ஒரு வாரம் படித்தேன். காசுள்ள அணிகளே நல்ல ஆட்களை வளைத்துப் போட்ட காலம் அது. தோற்றுக்கொண்டே இருந்த ஒரு அணியின் முதலாளி, போட்டியில் கடைசி இடத்தில் வந்த அணிக்கே முதல் தேர்வு என்று யோசனை சொல்ல, மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஓர் ஓட்டல் அறையில் பெயர்களைப் பலகையில் எழுதிவைத்துப் பொறுக்கினார்கள். எடுத்த அணியை விட்டு வேறு அணிக்குப் போக ஆட்டக்காரனுக்கு வழியில்லை. குழந்தைக்கும் புரியும்படி எழுதினேன். பக்கத்து இருக்கை மீனா, கோயம்புத்தூர்க்காரி, படித்துவிட்டுக் கேட்டாள்: "ஆடறவனை ஒரு வார்த்தை கேக்கவே மாட்டாங்களாங்ணா?"

எட்டுப் பேர்

வாடிக்கையாளருக்குக் கட்டுரை பிடித்துவிட்டது. தேஷ்பாண்டேக்கு அதைவிட. அடுத்த மாதம் வேலை குறைந்தபோது, எங்கள் எட்டுப் பேரை மற்ற மூன்று குழுக்களுக்குப் பிரிக்க அதையே அச்செடுத்து வைத்துக்கொண்டார். மதிப்பெண் குறைந்த குழுவுக்கு முதல் தேர்வு. இடங்கள் ஏழு. மிஞ்சுகிறவர் வீட்டுக்குப் போகலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பலகையில் எட்டுப் பெயர்கள். குழுத் தலைவர்கள் எடுத்த பெயரை ஒவ்வொன்றாக அழிப்பதை இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். என் பையனைச் சாங்வியில் ஒரு பள்ளியில் சேர்த்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு பெயர்கள் போன பிறகு மீனாவும் நானும் மிச்சம். அவள் பெயர் அழியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் பெயரை அழித்தார்கள். மீனா தன் மேஜையை ஒழித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கட்டுரை நல்லாத்தான் எழுதியிருந்தீங்ணா."

அன்றிலிருந்து மேலாளருக்குப் புரிகிற மாதிரி எதையும் எழுதிவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருக்கிறேன்.