மிஸ்ஸி கேட்ட குட்டைக் கட்டில்

தவமணி மிஸ்ஸியின் போன் வந்தபோது நான் ஒரு கேட்டுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. "இன்றைக்கு என்ன குறை கண்டுபிடித்தாரோ" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் கண்ணாடியைக் கழற்றினேன். கட்டில் விஷயமாக அவருக்குச் சொல்ல ஒரு பதிலைத் தயாராகவும் வைத்திருந்தேன். ஆனால் பேசியது அவருடைய தம்பி. "பாஸ், அக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றார். இனி அந்தப் பதிலை யாரிடம் சொல்வது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. துக்கம் பிறகு வந்தது. அதுவும் கோபமாகத்தான் வந்தது.

கருமாதிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று தம்பி கேட்டபோது மறுக்கத்தான் நினைத்தேன். ஊரார் 'பாஸ்' என்று கூப்பிடுகிற இரும்பு வேலைக்காரன் நான்; இரும்பைப் பிடிக்கிற கைக்குப் பேனா எதற்கு? ஆனால் சாவு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கட்டியிருந்த பதாகைகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 'சாந்த சொரூபி' என்று ஒன்று. 'இன்சொல் அரசி' என்று இன்னொன்று. யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிடம் எனக்கு விளங்கவேயில்லை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருடைய வீட்டு வாசலில் நின்று அவர் சத்தம் போட்டிருப்பார். பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டு வரவில்லை என்று சத்தம், கர்ப்பிணிப் பெண்ணைத் தண்ணீர்க் குடம் தூக்க விட்டார்கள் என்று சத்தம். பதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாதாக இத்தனை காலம் குடையும் பையுமாக தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கிய மனுசியை இப்படி வெல்லப்பாகில் போட்டு மூடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் என் கடைக்கு முதலில் வந்தது நல்ல மழை நாளில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாஸ், மடிக்கிற கட்டில் செய்வீங்களா?"

"அது என்ன பெரிய வேலை மிஸ்ஸி, ஆமிக்காரர் படுக்கிற மாதிரிக் கட்டில்தானே?"

"அந்த மாதிரி வேணாம்னு சொல்லத்தான் நேர்ல வந்தேன்" என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள் ஒன்றிரண்டு நாளில் லயத்துக்குத் திரும்பி வருகிறாள். காம்பரா ஒன்றுதான், ஒரே அறை. அதற்குள் அலுமாரி, டீவி, மாமனார் மாமியார், மூத்த பிள்ளைகள். கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாது. ஆகவே சிமெந்துத் தரையில் பாய். ஊவா மலைக் குளிர் கீழேயிருந்து ஏறும். "பச்ச ஒடம்புக்காரி குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கிறா பாஸ். தையல் இழுத்துப் பிடிக்குது. ராத்திரிக்கு விரிச்சுப் படுத்துட்டு, காலையில மடிச்சு அலுமாரிக்குப் பின்னால வைக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க." பிள்ளை பெற்றவள் தரையில் படுக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது இது ஒன்றுதான். இவ்வளவு சின்ன ஆசை ஒரு மனிதனை இத்தனை பாடு படுத்தும் என்று யார் கண்டார்?

முதலில் சுவரில் பிணைச்சல் வைத்து மேலே மடக்குகிற கட்டில் ஒன்றைச் செய்தேன். அழகான வேலை. மாட்டப் போன இடத்தில் ஆணியோடு சேர்ந்து சுவரும் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கல்லும் மண்ணும், வேறென்ன வரும்? அது போதாதென்று தோட்டத்து ஆபிசிலிருந்து ஆள் வந்து, லயம் தோட்டத்துக்குச் சொந்தம், சுவரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பரம்பரையாகக் குடியிருக்கிறவனுக்கு ஒரு ஆணி அடிக்க உரிமையில்லை. நான் கத்தினேன். மிஸ்ஸி என்னைப் பார்த்து, "சுவத்துக்கிட்ட கத்தி என்ன பாஸ் ஆகப்போகுது? சுவர் வேணாம். தானா நிக்கட்டும்" என்றார்.

தானாக நிற்கிற கட்டிலை இரண்டு பாதியாகச் செய்து, பெட்டி மாதிரி மூடித் திறக்க வைத்தேன். அப்போதுதான் அவருடைய சோதனைகள் தொடங்கின. ஒரு கிலோ கோதுமை மாப் பையை இடது கையில் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் கட்டிலை விரிக்கப் பார்ப்பார். கால்கள் சரியாக விழாது. பூட்டு விரலைக் கடிக்கும். மாப் பையை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு கையில பிள்ளை இருக்கும் பாஸ். மத்தக் கைதான் ஒங்களுக்கு" என்பார். இரும்புக் கேட்டு வாங்க வந்த ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் படுத்தும் பார்த்தார். படுத்த வாக்கிலேயே, "ஆடுது" என்றார். தரை சமமில்லை என்றேன். "லயத்துல மட்டும் பளிங்கா போட்டிருக்கு?" என்றார். நான் கையிலிருந்த சுத்தியலை வீசிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். ஆடுகிற காலின் கீழ் ஒரு தீப்பெட்டியைச் செருகி, எவ்வளவு இடைவெளி என்று அடையாளம் காட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

கடைசியில், நிமிர்த்தி வைத்த கட்டிலின் அடிக் குழாயைக் காலால் அழுத்தி மேல் பாதியைச் சாய்த்தால், கால்கள் தங்கள் பாரத்திலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்கிற விதம் எனக்குப் பிடிபட்டது. அந்த வாரம் எல்ல என்கிற ஊர்ப் பக்கம் கூடாரம் போட்டு உல்லாசப் பயணிகளைத் தங்க வைக்கிற ஒருவர் கடைக்கு வந்தார். கட்டிலை ஒரு தரம் விரித்து மடித்தார். "சூப்பர் பாஸ்" என்று சொல்லி, கூடாரத்துக்கு ஒன்றாகச் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு குறை சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுசன் என் கட்டிலைப் பாராட்டியிருக்கிறான் என்று மிஸ்ஸியிடம் பெருமையாகச் சொன்னேன். "சும்மா ரெண்டு நாள் படுக்க வர்றவங்களுக்கு எதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் கட்டிலை அவரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பசறை வீதியில் ஒரு தோட்டத்துக்குக் கொண்டு போனார். கட்டில் ஆடவில்லை, விரலைக் கடிக்கவில்லை, கதவும் திறந்தது. அப்பாடா என்று இருந்தேன். கொஞ்ச நாளில் கண் சிவக்கக் கடைக்குள் வந்தார். கட்டிலில் பிள்ளை பெற்றவளின் வீட்டுக்காரன் படுத்திருக்கிறானாம். அதன் கீழே, அதே சிமெந்தில், பெண்ணும் பிள்ளையும். கேட்டால் மாமியார் சொன்னாளாம்: "புதுக் கட்டிலுங்க மிஸ்ஸி, தீட்டுக்காரியை எப்படிப் படுக்க வைக்கிறது? தீட்டுக் கழியட்டும்." வீட்டுக்காரன் எழுந்து உட்கார்ந்து, "நல்ல கட்டிலுங்க, இடுப்பு வலியே போயிருச்சு" என்று நன்றி வேறு சொன்னானாம். அடுத்துக் கொடுத்த வீட்டிலும் அதே கதை. அங்கே படுத்திருந்தது மாமனார்.

மிஸ்ஸி கடையிலிருந்த கட்டிலைச் சாண் போட்டு அளந்தார். பிறகு சொன்னார்: "கட்டிலைக் குட்டையாக்குங்க."

"என்ன?"

"அஞ்சடி போதும். நம்ம பொம்பளப் புள்ளைங்க அதுக்கு மேல இல்ல. கால்மாட்டுக் குழாயை ஒசத்தி வைங்க. ஆம்பள படுத்தா முட்டி இடிக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. தொழில் தெரிந்தவன் தெரிந்தே பிழையாகச் செய்வதா? ஊரில் என் பேர் என்ன ஆகும்? ஒரு கட்டிலைச் சரியாகச் செய்ய மாதக் கணக்கில் உயிரை வாங்கிவிட்டு, சரியாக வந்த பிறகு கெடுக்கச் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவர் குடையை விரித்துக்கொண்டே, "கட்டில் சரியாத்தான் இருக்கு பாஸ். படுக்கிற ஆள்தான் பிழை. ஆளை வெட்டித் தைக்க முடியுமா? கட்டிலை வெட்டுங்க" என்றார். ஒரு மாதம் போல நாங்கள் பேசவில்லை. பிறகு ஒரு நாள், அவர் சொன்னது நடக்காது என்று காட்டுவதற்காகவே ஒன்றை வெட்டினேன்.

நடந்தது. ஆண்கள் படுத்துப் பார்த்தார்கள், காலை நீட்டினார்கள், இடித்துக்கொண்டார்கள், திட்டினார்கள், பாய்க்குத் திரும்பிப் போனார்கள். என்னைத்தான் திட்டினார்கள் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பண்டாரவளையில் என் மச்சான் முறையான ஒருவரே, "அளவு தெரியாத பாஸ்" என்று என்னைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

தீட்டு மட்டும் மிச்சம். அதற்காக மிஸ்ஸி கட்டிலில் அடித்திருந்த படங்குத் துணியைக் கயிறு போட்டுக் கட்டுகிற மாதிரி மாற்றச் சொன்னார், கழற்றிக் கழுவலாம் என்று. அப்போதும் ஒரு மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. துணியைக் கழுவலாம், கட்டிலைக் கழுவ முடியுமா என்று கேட்டாள். நானும் அந்த வீட்டு வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், நின்றிருந்தேன், ஆட ஆரம்பித்த ஒரு காலைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே, தாயும் பிள்ளையும் படுத்திருந்த பாயின் தலைமாட்டில், வழக்கப்படி காத்துக் கருப்பு அண்டாமல் தேயிலைச் செடி வெட்டுகிற ஒரு கவ்வாத்துக் கத்தி வைத்திருந்தார்கள். மிஸ்ஸி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அது என்னாத்துக்கும்மா?"

"இரும்புங்க. பச்ச ஒடம்புக்குப் பக்கத்துல இரும்பு இருக்கணும்ல."

"இருக்கணும்தான். அந்தத் துண்டு இரும்பு போதுமா? பாஸ் முழுக் கட்டிலையும் இரும்புலதான் செஞ்சிருக்காரு. அவளை இரும்பு மேலயே படுக்க வைங்க. எந்தக் காத்து வந்து தொடுதுன்னு பாப்போம்."

அந்த அம்மா யோசித்தாள். கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். மருமகளை எழுந்து வரச் சொன்னாள். திரும்பி இறங்கும்போது, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் கட்டிலை வெட்டியிருக்க வேண்டாமே என்று கேட்டேன். "பொம்பளைங்க இப்படி ஒத்துக்குவாங்க பாஸ். ஆம்பளைக்கு முட்டியில இடிச்சாத்தான் விளங்கும்" என்றார். அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்தேன். நல்ல வேளை, பதாகை எழுதியவர்கள் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கட்டியிருப்பார்கள்.

கடைசியாக அவர் கடைக்கு வந்த தடவையும் சண்டைதான். உயரமான பெண் ஒருத்திக்குக் கட்டில் போதவில்லையாம். நான்தான் அப்போதே சொன்னேனே என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல், நீட்டி மாட்டுகிற துண்டு ஒன்று வேண்டும், ஆனால் அதைப் பெண் மட்டும் மாட்டத் தெரிந்த மாதிரி இருக்க வேண்டும் என்றார். "மிஸ்ஸி, இது கட்டிலா, பேங்க் பெட்டகமா?" என்று கேட்டேன். முடியாது என்பதுதான் நான் தயாராக வைத்திருந்த பதில். அதற்காக வெட்டிப் பார்த்த துண்டுக் குழாய் இப்போதும் மேசையில் கிடக்கிறது. வேலைக்கு நடுவே எடுத்துப் பார்க்கிறேன், ஒன்றும் விளங்கவில்லை, திரும்ப வைக்கிறேன். பாதி வேலையில் ஆளை விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம்?

போன வாரம் ஒரு சோடி வந்தது. மொனராகலைப் பக்கம் கரும்பு வேலைக்குப் போய் வருகிற ஆள். மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. அவன் கட்டிலை விரித்தான், மடித்தான், நன்றாக இருக்கிறது என்றான். "ஒரு அடி நீட்டிக் குடுங்க பாஸ். நானும் படுக்கலாம்ல" என்றான். எத்தனையோ நாள் நான் வாதாடியது அந்த ஒரு அடிக்காகத்தான். "முடியாது" என்றேன். ஏன் என்று கேட்டான். மிஸ்ஸி என்றால் அவன் வெட்கப்படுகிற மாதிரி, கூடவே சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார். எனக்கு அப்படிப் பேச வராது. "முடியாதுன்னா முடியாது" என்று மறுபடியும் கத்தினேன். அவன் முகம் கறுத்தது. வா போகலாம் என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை ஊன்றி, மெல்லச் சாய்ந்து, ஒருக்களித்துப் படுத்தாள். பட்டப்பகல், தெருவோடு சேர்ந்த கடை, இரும்புத் தூள் பறக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய், எந்திரி. ஆளுங்க பாக்குறாங்க" என்றான் அவன்.

"கொஞ்சம் இருங்க" என்றாள்.

அவன் நின்றான். நானும் வெல்டிங் மெசினை நிறுத்திவிட்டு நின்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. இதைப் பார்க்க வேண்டிய ஆள் பார்க்கவில்லையே என்று எனக்கு வந்த கோபம் இந்த நிமிடம் வரைக்கும் ஆறவில்லை. தவமணி மிஸ்ஸியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கோபத்தைத்தான். அது ஆறவும் வேண்டாம்.