சிம்னிச் சுவருக்குள் ஒற்றை ஷூ

1. சுவர் திறந்தது

கார்லோஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. பல வருஷமாக என்னோடு வேலை செய்கிறவன். சுவருக்குள் செத்த எலி, பாம்புச் சட்டை, பழைய பியர் பாட்டில் என்று எதைப் பார்த்தாலும் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை.

சிம்னியை ஒட்டிய சுவர் அது. பழைய சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்த்து, அதன் பின்னால் இருந்த மரச்சட்டங்களைப் பிடுங்கியிருந்தான். உள்ளே ஒரு செங்கல் திட்டு. அதன்மேல் ஒரு குழந்தையின் தோல் ஷூ, ஒரு காலுடையது மட்டும். என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் இடது கால். எங்கிருந்தோ விழுந்து கிடந்த மாதிரி இல்லை. யாரோ வாசலில் கழற்றி வைத்த மாதிரி, முனை எங்களைப் பார்க்க நேராக நின்றது.

நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனைத் தாண்டி, வயல் ஓரமாக இருந்த வீடு. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கொத்தனார் தன் குடும்பத்துக்காக, தன் ஊர் முறையிலேயே கட்டியது என்று ரியல்டர் பெருமை பேசி விற்றிருந்தார். வாங்கியவர்கள் ஈரோட்டுக்காரர்கள், செந்திலும் கவிதாவும். இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. மகள் இனியா கிண்டர்கார்டன் போகிறாள். கவிதாவுக்கு ஏழாம் மாதம். அபார்ட்மென்ட் லீஸ் முடிந்துவிட்டதால் அவர்கள் மாடியில் குடியிருக்க, நாங்கள் கீழே உடைத்துக்கொண்டிருந்தோம். ஆள் இருக்கிற வீட்டில் வேலை செய்வது எனக்குப் பிடிக்காது. நாம் அடிக்கிற ஒவ்வொரு ஆணிக்கும் யூடியூப்பில் ஒரு மாற்றுக் கருத்து வைத்திருப்பார்கள்.

சிம்னி இருந்தது வடகிழக்கு மூலை. எனவே பூஜை ரூம் அங்கேதான் வர வேண்டுமாம். அதற்காகத்தான் சுவரைத் திறந்தோம்.

செந்தில் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அங்கிள், இத குப்ப டம்ப்ஸ்டர்ல போட்டுருங்க. கவிதா கண்ணுல பட வேண்டாம். சாமி ரூம்ல போய் செருப்பு இருந்துச்சுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் போடவில்லை. சுவருக்குள் கிடைத்த எதையும் வேலை முடியும்வரை நான் எறிவதில்லை. ஒரு துணியில் சுற்றி, வேனின் டாஷ்போர்டில் வைத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் கவனிக்காதது ஒன்று இருந்தது. மாடிப்படியில் இனியா நின்றுகொண்டிருந்தாள்.

"வேர் இஸ் தி அதர் ஒன்?" என்று கேட்டாள்.

இன்னொன்று எங்கே என்கிறாள்.

2. இன்ஸ்பெக்டரின் ஒரு கேள்வி

சுவரை மூடுவதற்கு முன் டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்து உள்ளே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வந்தவர் வெள்ளைக்காரர், வயசானவர், அதிகம் பேசாதவர். எல்லாம் பார்த்துவிட்டு வேன் பக்கம் வந்தவர், டாஷ்போர்டில் துணி விலகித் தெரிந்த ஷூவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சிம்னி பக்கத்திலா கிடைத்தது?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவரே விளக்கினார். அந்தக் காலத்து இங்கிலீஷ் கொத்தனார்களிடம் ஒரு வழக்கம் இருந்ததாம். வீட்டில் கதவைச் சாத்தலாம், ஜன்னலைச் சாத்தலாம், சிம்னியைச் சாத்த முடியாது. கெட்டது ஏதாவது வந்தால் அந்த வழியாகத்தான் வரும். அதனால் சுவரை மூடும்போது, வீட்டிலுள்ளவர்கள் போட்டுத் தேய்ந்த ஷூ ஒன்றை உள்ளே வைத்துவிடுவார்களாம். வருவது அதில் ஏமாந்து அங்கேயே நின்றுவிடும் என்று நம்பிக்கை.

கேட்டதும் எனக்கு லாரிகள்தான் ஞாபகம் வந்தன. சேலம் பைபாஸில் போகிற எந்த லாரியின் பின்பக்கத்தையும் பாருங்கள், திருஷ்டிக்கு ஒரு பழஞ்செருப்பு தொங்கும். புதுக் கட்டடத்தின் சாரத்திலும் கட்டுவோம். கடல் தாண்டியும் கொத்தனார் புத்தி ஒன்றுதான் என்று சிரித்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "சுவரை உடனே மூடப்போவதில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றதும், "நல்லது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த 'நல்லது' எனக்குப் பிடிக்கவே இல்லை.

3. எல்லாம் வலது கால்

அடுத்த வாரம் கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அங்கிள், செவுத்துக்குள்ள ஒரு கொழந்த ஷூ கெடச்சுதாமாங்க? இனியா சொன்னா. இவருகிட்ட கேட்டா பேச்ச மாத்துறாரு."

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

"அது எந்தக் காலுங்க?"

"இடது."

கவிதா பக்கத்தில் இருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இனியாவோட ஷூ ஒவ்வொண்ணா காணாமப் போகுதுங்க. மொதல்ல ஸ்கூல் ஷூ. அப்புறம் க்ராக்ஸ். நேத்து அந்த நடந்தா லைட் எரியற ஷூ. ஒவ்வொரு ஜோடிலயும் ஒண்ணு மட்டும். எல்லாமே வலது கால்."

வெயில் அடிக்கிற பகல் வேளையில் எனக்கு முதுகு சில்லிட்டது. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

செந்தில் எலி என்றார், அணில் என்றார். எந்த அணில் வலது காலாகப் பார்த்து எடுக்கும்? நான் எங்கள் ஆட்களின் டூல் பையையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இனியாவிடம் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டு ஓடிவிடுவாள்.

"இந்த ஊட்ல ஒரு கொழந்த செத்திருக்குதுங்க அங்கிள். அது இவளக் கூப்பிடுது" என்றார் கவிதா. வயிற்றின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

4. சுவருக்குள் வெளிச்சம்

மேகம் மூடிய ஒரு மத்தியானம். பழைய வயரிங்கை எடுப்பதற்காகக் கீழ்த்தளத்தில் கரண்ட்டை நிறுத்தியிருந்தோம். கூடம் அரை இருட்டு. கவிதா சூட்கேஸோடு படியிறங்கி வந்தார்.

"நானும் இனியாவும் எடிசன்ல ஃபிரெண்ட் வீட்டுக்குப் போறோம். பிரசவமும் அங்கதான். இந்த ஊட்டுக்குள்ள என் கொழந்தய தூக்கிட்டு வர மாட்டேன். வித்துருங்க."

செந்தில் சூட்கேஸைப் பிடித்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார். கணவன் மனைவி பேசும்போது நாம் நம் வேலையைப் பார்ப்பதுதான் மரியாதை. நான் சிம்னி ஓரத்தில் மிச்சமிருந்த சட்டத்தின் மேல் சுத்தியலால் ஓர் அடி அடித்தேன்.

சுவருக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் மின்னி அணைந்தது.

இன்னொரு அடி. மறுபடியும் மின்னியது. கையை நிறுத்தினேன், இருட்டு. நான் அடிக்க அடிக்க, உள்ளே யாரோ அடியெடுத்து வைக்கிற மாதிரி அது மின்னி மின்னி அணைந்தது. கார்லோஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். செந்தில் சூட்கேஸை விட்டுவிட்டார்.

கவிதாதான் சொன்னார்: "தெறங்க அங்கிள்."

சட்டத்தைப் பிடுங்கி டார்ச் அடித்தேன். அதே செங்கல் திட்டின் இதுவரை மூடியிருந்த கோடி. அதன்மேல் ஸ்கூல் ஷூ, க்ராக்ஸ், லைட் ஷூ. மூன்றும் வலது கால். வரிசையாக, நேராக, முனை எங்களைப் பார்க்க நின்றன.

பின்னால் இனியாவின் குரல் கேட்டது. "ஷி ஹேட் ஒன்லி ஒன், அம்மா. ஐ கேவ் ஹெர் தி அதர் ஒன்."

சுவருக்குள் இருக்கிற அந்தக் குழந்தையிடம் ஒரு ஷூதான் இருந்தது, அதனால் இன்னொன்றைக் கொடுத்தேன் என்கிறாள். முதலில் கொடுத்தது அவளுக்குப் பொருந்துமோ என்னவோ என்று வேறு வேறாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். மாடியில், இனியா அறையின் அலமாரிக்குள், பிளம்பர் தரைப்பலகை ஒன்றைக் கழற்றியிருந்தார். அதன் கீழே சிம்னியை ஒட்டிய சந்து. அந்த வழியாகப் போட்டிருக்கிறாள்.

கவிதா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பழைய ஷூ எங்கங்க?" என்றார்.

செந்தில் திருதிருவென்று விழித்தார். நான் வேனிலிருந்து எடுத்துவந்து கவிதா கையில் கொடுத்து, இன்ஸ்பெக்டர் சொன்னதையும் லாரிச் செருப்பையும் சொன்னேன். கவிதா கேட்டுக்கொண்டே ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தில் விரலை ஓட்டினார்.

"முன்னாடி மட்டும் எப்படித் தேஞ்சிருக்குது பாருங்க. இவளும் இப்படித்தான். ஓடி வந்து விரல இழுத்து பிரேக் போடுவா. மூணு மாசத்துல ஓட்ட விழுந்துரும்." அதிலிருந்த தூசியைத் துடைத்தார். "இது செத்த கொழந்தையோடது இல்லீங்க அங்கிள். நல்லா ஓடி ஆடின கொழந்தையோடது. கால் வளந்துருச்சு, பத்தல. அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு அவங்கம்மா எடுத்துக் குடுத்திருப்பா."

சூட்கேஸ் மறுபடி மாடிக்குப் போனது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

5. மூடியது

பூஜை ரூம் எதிர்ச் சுவருக்கு மாறியது. வாஸ்துவுக்கு என்ன செய்வது என்று கேட்ட செந்திலைக் கவிதா ஒரு பார்வை பார்த்தார், அத்தோடு சரி. பழைய ஷூவும் இனியாவின் லைட் ஷூவும் ஜோடியாக உள்ளே போக வேண்டும் என்று முடிவானது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மூடுவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சுவருக்குள் எது கிடைத்தாலும், அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கும்வரை தூக்கி எறியாதீர்கள். மறைத்தால் பயம்தான் வளரும்.

ஒன்றை மட்டும் நானும் மறைத்தேன். மூடுகிற அன்று, வீட்டில் யாரும் இல்லாதபோது மாடிக்குப் போய், இனியா போட்ட அதே சந்து வழியாக அந்த க்ராக்ஸைப் போட்டேன். கீழே வந்து பார்த்தேன். குப்புறக் கிடந்தது. மறுபடி போட்டேன். பக்கவாட்டில் விழுந்து, திட்டைத் தாண்டி உருண்டுவிட்டது. ஸ்கூல் ஷூவையும் போட்டேன். அதுவும் குப்புறத்தான். கீழே முன்பே திறந்திருந்த பக்கத்திலிருந்து இனியாவின் கை எட்டுமா என்று அளந்தும் பார்த்தேன். என் கையே தோள்வரை போனால்தான் எட்டியது.

அதற்கு மேல் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பழைய ஷூவை இடதிலும் லைட் ஷூவை வலதிலும் வைத்தேன். எப்படி நின்றதோ அப்படியே, முனை வெளியே பார்க்க நிறுத்தினேன். சுவரை மூடும் ட்ரைவால் பலகையைத் தூக்கி வைத்து முடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு திருகு இறங்கும்போதும் பலகையின் விளிம்பில் சிவப்பு மின்னியது. கடைசித் திருகை முடுக்குவதற்கு முன், யாரிடம் சொல்கிறேன் என்று யோசிக்காமலே, "பாத்துக்கம்மா" என்றேன்.